பழைய கணிப்பொறியும் லினக்ஸும்

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனியார் 14-10-2025 உடன் நிறுத்திவிட்டனர். விண்டோஸ் 11-ஓ பழைய யந்திரங்கள் பலவற்றில் ஏறாது. இதன்பொருட்டுக் குத்துக்கல்வலசைப் பக்கத்து மிராசுதார்கள் நன்றாய் ஓடும் கணிப்பொறியைக் கழித்துவிடுதல் வீண் நஷ்டமென்பது எமது அபிப்பிராயம். லினக்ஸ் இயங்குதளத்துக்குக் கிரயமில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டளவிலேயே அதற்கு மாறத் தலைப்பட்டது. சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு.

ஆயினும், புது நெல் ரகத்தைப் பிசானத்தில் நிலம் முழுதும் விதைப்பாருண்டோ? முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, அச்சுப்பொறி முதலியன இணங்குகின்றனவா என்று பரீக்ஷித்தல் வேண்டும். கைரேகைக் கருவியும் மின்கையொப்பச் சாவியுமே பெரும்பாலும் முரண்டு பிடிப்பவை. கணக்குகளை வேறிடத்தில் நகலெடுத்த பின்னரே பழையதை அழிக்கலாம். கிராம உத்தியோகஸ்தர்களோ, சர்க்கார் யந்திரமாயின், மேலதிகாரியின் உத்தரவின்றித் தொடலாகாது.