பரங்கிக்காய்க்குக் குல்லா

எனக்கும் சித்திரக்கலைக்கும் ஆறாம் வகுப்பிலேயே உறவு அறுந்துவிட்டது. உயிரைக் கொடுத்து ஒரு மாம்பழம் வரைந்தேன். டிராயிங் மாஸ்டர் நோட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘‘பரங்கிக்காய் பரவாயில்லடா’’ என்றார். அன்றிலிருந்து யாராவது பேனாவில் நாலு கோடு இழுத்தால் வாயைப் பிளந்து பார்க்கிற ஆசாமி நான்.

சமீபத்தில் அப்படிப் பார்த்தது, ஒரு பாறாங்கல் மனிதன் சாமி கும்பிடுகிற படம்.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸ் படித்தவர்களுக்கு ‘தி திங்’கைத் தெரிந்திருக்கும். நிஜப் பெயர் பென் க்ரிம். காஸ்மிக் கதிர் பட்டு உடம்பு முழுக்க ஆரஞ்சு கலர் கல்லாகிப் போன மனுஷன். 1961-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பெற்ற பிள்ளை. படம் கிர்பி கைவண்ணம்.

அதே கிர்பி 1970-களில் தன் ஹனுக்கா பண்டிகை வாழ்த்துக்காகத் திங்கை வரைந்தார். தலையில் யூதர்களின் குட்டிக் குல்லா. தோளில் பிரார்த்தனைச் சால்வை. உலக்கை உலக்கையாக இருக்கும் விரல்களுக்கு நடுவே பிரார்த்தனைப் புத்தகம்.

ஹனுக்கா என்றால்? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யூதர்கள் போராடி ஜெருசலேம் கோயிலை மீட்டார்கள். விளக்குக்கு இருந்த எண்ணெய் ஒரு நாளைக்குத்தான் காணும். எட்டு நாள் எரிந்தது என்பது ஐதீகம். அதனால் எட்டு நாள் பண்டிகை, தினம் ஒரு விளக்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எண்ணெயின் மகிமை என்பதால் பலகாரமும் எண்ணெயில் பொரித்ததுதான். டாக்டர்கள் எட்டு நாளும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்!

இதிலே என்னய்யா விசேஷம் என்கிறீர்களா? அந்தக் குல்லா, அந்தக் காலத்தில் காமிக்ஸ் புத்தகத்துக்குள் வரவே இல்லை. திங் ஒரு யூதன் என்று கதையில் யாரும் மூச்சு விடவில்லை.

ஏன்? வரைந்தவர் பெயரையே பாருங்கள். ஜாக் கிர்பியின் அசல் பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். 1917-ல் நியூயார்க்கின் ஏழை யூதர் பேட்டையில் பிறந்தவர். ஸ்டான் லீயும் அசலில் ஸ்டான்லி லீபர்தான். யூதப் பெயரென்றால் பெரிய விளம்பரக் கம்பெனிக் கதவுகள் லேசில் திறக்காத காலம் அது.

கோழை என்று நினைத்துவிடாதீர்கள். ஜோ சைமனோடு சேர்ந்து இவர் படைத்த ‘கேப்டன் அமெரிக்கா’ முதல் இதழ் அட்டையிலேயே ஹிட்லர் தாடையில் ஒரு குத்து! 1940 கடைசியில் வந்த இதழ். அமெரிக்கா யுத்தத்தில் குதிக்கவே இன்னும் ஒரு வருஷம் இருந்தது. 1944-ல் தானே துப்பாக்கி தூக்கிக்கொண்டு பிரான்ஸில் போய் இறங்கினார். ஹிட்லரை அடிக்கத் தயங்காதவர், சொந்தப் பெயரை மட்டும் அட்டையில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் தடயம் விட்டிருக்கிறார். திங் வளர்ந்த தெரு யான்ஸி ஸ்ட்ரீட்; கிர்பி பேட்டையில் டெலான்ஸி ஸ்ட்ரீட். பெஞ்சமின் என்பது கிர்பியின் அப்பா பெயர். திங் பேசுவதும் நடப்பதும் நானேதான் என்று பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்த வாழ்த்துப் படத்தில் குல்லா போட்டு நிற்பது யாராம்?

1994-ல் கிர்பி காலமானார். 2002-ல்தான் ஒரு கதையில் திங் தன் மதத்தை வெளியே சொன்னான். இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்ட கிழவரிடம் அவன் சொன்ன காரணத்தின் சாராம்சம்: என் மூஞ்சியைப் பார்த்து, யூதர்களே பூதங்கள் என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதே!

படித்ததும் தொண்டையில் என்னவோ அடைத்தது. ஆபீஸில் ஒரு மூஞ்சி, வீட்டில் ஒரு மூஞ்சி என்று நாமும்தான் இருக்கிறோம். கிர்பிக்கு வீட்டு மூஞ்சியை வரைய ஒரு வாழ்த்து அட்டையாவது கிடைத்தது.

உணர்ச்சிவசப்பட்டு, நானும் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்து, ஆரஞ்சு கலரெல்லாம் அடித்து மனைவியிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

‘‘ஏங்க, பரங்கிக்காய்க்கு எதுக்குங்க குல்லா?’’