ஊசி போட்டவனோட கதைக்கப் பழகுவம்

எங்கட ஒஸ்டலில் ஒருத்தன் இரண்டு மாதமாக சேட்டுக்கு மேல இன்னொரு சேட் போட்டுக்கொண்டு திரிந்தான். கொளுத்துற சித்திரை வெயில். நாங்கள் வழமைபோலப் பகிடி பண்ணினோம். பிறகுதான் விசயம் தெரிந்தது. ஒரு பக்க மார்பு வீங்கி, காம்புக்குக் கீழே கட்டி. தொட்டாலே நோ. ஜிம்மில் பழக்கமான ஒரு அண்ணை குடுத்த ஊசியை, மகாபொலக் காசைச் சேர்த்து வாங்கி, மூன்று மாதமாகப் போட்டிருக்கிறான். பயந்துபோய் ஒரு டொக்டரிட்டப் போனவன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உமக்கென்ன விசரே?" இரண்டாவது கேள்விக்கு அவன் அங்கே இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அவனைத் திட்டுவதற்கில்லை. திட்ட ஆக்கள் தாராளமாக இருக்கினம். எங்களுக்குக் கோபம் மூன்று பக்கத்தில். ஊசியை வித்தவன் மேல், ஒரே கேள்வியோடு கதவைச் சாத்தின அறை மேல், அவனை முதலாம் வருசத்திலிருந்து "நெத்தலி" என்று கூப்பிட்ட எங்கள் மேல்.

உடம்பைச் சொல்லி ஆளை அளக்கிற பழக்கம் எங்கட ஊருக்குப் புதிதில்லை. பெட்டையளுக்கு இது பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. கறுப்பு, குண்டு, பல்லு மிதப்பு, கலியாணச் சந்தையில் எல்லாத்துக்கும் விலை. பெடியளுக்கு ஒரு காலத்தில் உத்தியோகம் இருந்தால் போதும், வண்டி வைத்திருந்தாலும் பரவாயில்லை. இப்ப அதுவும் மாறிவிட்டது. 2008இல் 'வாரணம் ஆயிரம்' படத்துக்காக சூர்யா சிக்ஸ்பேக் வைத்தபோது அது ஒரு நடிகரின் அதிசயமாகப் பேசப்பட்டது. இன்றைக்கு போனைத் திறந்தால் இருபது வயதுப் பெடியன் ஒவ்வொருத்தனும் அப்படி நிற்கிறான். 1999இல் ஹரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். ஜி.ஐ.ஜோ போன்ற பொம்மைகளின் பழைய வடிவங்களையும் புதிய வடிவங்களையும் எடுத்து அளந்தார்கள். பொம்மை வருசத்துக்கு வருசம் தடித்துக்கொண்டே வந்திருந்தது. கடைசியாக வந்த பலவற்றை மனித உயரத்துக்குப் பெருப்பித்தால் எந்தப் பெரிய உடற்கட்டழகரும் அதற்குக் கிட்ட நிற்க முடியாது. அதுவாவது விளையாட்டுப் பொம்மை. இன்ஸ்டகிராமில் நிற்கிறவனோ "நான் வெறும் கோழியும் சோறும்தான் மச்சான்" என்று சத்தியம் பண்ணுகிறான்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஸ்டீரொயிட் வேலை செய்யும்.

மேடையில் ஏறிப் பிரசங்கம் வைக்கிற பெரியாக்கள் இதைச் சொல்லுவதில்லை. "அது வெறும் தண்ணி, காத்து, ஒரு மாதத்தில இறங்கிடும்" என்பார்கள். 1996இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில் நாற்பது சொச்சம் ஆண்களை நாலு பிரிவாக்கி, 10 கிழமை டெஸ்டொஸ்டெரோன் அல்லது போலி ஊசி போட்டுப் பார்த்தார்கள். போலி ஊசியோடு முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை கிட்டத்தட்ட 2 கிலோ கூடியது. மருந்தைப் போட்டுப் பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. இதை எங்கட பெடியன் ஆய்வில் படிக்கத் தேவையில்லை, பக்கத்து பெஞ்சில் கிடக்கிறவனைப் பார்த்தே தெரிந்துகொள்வான். நீங்கள் "வேலை செய்யாது" என்று சொன்ன அந்த நிமிசமே அவன் உங்களை நம்புவதை விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லுகிற உண்மையும் அவன் காதில் ஏறாது.

ஏற வேண்டிய உண்மை இதுதான். வெளியிலிருந்து ஓமோன் வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை விட்ட பிறகு அது திரும்பிவர மாதக்கணக்கு எடுக்கும், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும் எடுக்கும், சிலருக்கு முழுதாக வராமலும் போகும். கூடிய டெஸ்டொஸ்டெரோனில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறும். எங்கட நண்பனின் மார்பு வீங்கினது அதனால்தான். நல்ல கொலஸ்ட்ரோல் விழும், இரத்தம் தடிக்கும், இதயத் தசை தடித்துப் பலவீனப்படும். குளிசையாகப் போடுகிற வகைகள் ஈரலைத் தாக்கும். நிறுத்தின கையோடு வருகிற மனச்சோர்வு பயங்கரமானது. "விட்டால் செத்துப்போவன் போல இருக்கு" என்று திரும்பவும் ஊசிக்குப் போகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, கள்ளச் சந்தைப் போத்தலில் லேபிளில் இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இதையெல்லாம் தெரிந்தும் சிலர் போடத்தான் போகிறார்கள். அவர்களை என்ன செய்வது? எங்கட வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையில் 2013இல் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் வந்தது. அது விளையாட்டுக்கான சட்டம். பதக்கம் வாங்குகிறவனைப் பிடிக்கும். போட்டி எதிலும் ஓடாமல், கண்ணாடிக்கு முன்னால் மட்டும் நிற்கிற பெடியனுக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு மிஞ்சுவது இரண்டு பேர்தான். விற்கிற அண்ணை, ஏசுகிற டொக்டர். அண்ணை ஏசமாட்டார். அதனால் அவன் அண்ணையிட்டையே போவான்.

வேறு நாடுகளில் வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில், உடற்கட்டுக்காக ஊசி போடும் 395 ஆண்களைப் பரிசோதித்தபோது 1.5 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அடுத்த வருசம் அந்த நாட்டின் சுகாதார வழிகாட்டல், சுத்தமான ஊசி வழங்கும் நிலையங்கள் ஸ்டீரொயிட் பாவிக்கிறவர்களுக்கும் சேவை செய்ய வேண்டும் என்றது. நெதர்லாந்தில் ஹார்லெம் நகரில் இவர்களுக்கென்றே ஒரு மருத்துவ கிளினிக் இயங்கியது. இதைத்தான் தீங்கு குறைப்பு என்கிறோம்.

"அப்ப நீங்கள் போடச் சொல்லுறீங்களோ?" என்று கேட்பீர்கள். இல்லை. வெறியில் இரவு வயல் வரம்பால் போய்ப் பாம்பு கடித்தவனையும் எங்கட ஆஸ்பத்திரி எடுக்கத்தான் செய்கிறது. ஏன் குடித்தாய் என்று கேட்டு முடியும்வரை விசமுறிவு மருந்தை வைத்துக்கொண்டிருப்பதில்லை. அந்த மரியாதையை ஊசி போட்டவனுக்கும் குடுங்கோ என்கிறோம், அவ்வளவுதான்.

மருத்துவர்களிடம் கேட்கிறோம்: முதல் கேள்வி "என்ன போட்டனீர், எவ்வளவு காலம்?" என்று இருக்கட்டும். ஏச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜிம் நடத்துகிற மாஸ்டர்மாரிடம் கேட்கிறோம்: உங்கட கூரைக்குக் கீழே யார் விற்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நிற்காதீங்கோ. பல்கலைக்கழகத்திடம் கேட்கிறோம்: போதைப்பொருள் கருத்தரங்கு வைக்கிற நாளில் இதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கோ, ஆனால் பொய் சொல்லாமல்.

ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கிற மச்சானுக்கு: நாங்கள் ஏசப் போவதில்லை. ஊசியையும் மருந்துப் போத்தலையும் ஒருத்தரோடும் பங்குபோடாதே. இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், ஈரல், இரத்தத்தின் தடிப்பு எல்லாத்தையும் சோதித்துப் பார். நெஞ்சு நொந்தாலோ மூச்சு முட்டினாலோ ஜிம் குறூப்பில் கேட்டுக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு, போட்டதை மறைக்காமல் சொல்லு. அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், இரகசியமும் காப்பார்கள். விட நினைத்தால் தனியாக விடாதே, ஒரு டொக்டரிட்டச் சொல்லிவிட்டு விடு. மனம் இருண்டால் எங்களில் ஒருத்தனையாவது எழுப்பு, எத்தனை மணியானாலும்.

எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது: அந்த நண்பனை இரண்டாவது டொக்டரிட்ட நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கேட்டார், கேட்டுவிட்டு எழுதினார், அடுத்த கிளினிக்குக்குத் திகதி குடுத்தார். இப்ப ஒரு சேட்டோடு வருகிறான். அவனை நெத்தலி என்று கூப்பிடுவதை நாங்கள் நிறுத்தி நாலு மாதம். முதலாம் வருசத்திலேயே நிறுத்தியிருக்கலாம்.