நாற்பது வயதுவரை வராத கடிதம்: பிரிட்டன் தமிழரும் நீரிழிவுப் பரிசோதனையும்

பிரிட்டனில் வாழும் தெற்காசிய வம்சாவளியினரின் நோய்த்தடுப்பு குறித்த ஆய்வுகளில் பல ஒரே முடிவில் சென்று நிற்கின்றன: விழிப்புணர்வு போதாது. தடுப்பூசி பற்றிய ஆய்வானாலும், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை பற்றிய ஆய்வானாலும் பரிந்துரை மாறுவதில்லை. இன்னும் ஒரு பிரசாரம், இன்னும் ஒரு துண்டுப்பிரசுரம். (அத்துண்டுப்பிரசுரங்கள் சிலவற்றின் தமிழ், மருத்துவரின் ஆங்கிலத்தைக் காட்டிலும் கடினமானது என்பது வேறு விடயம்.) ஆனால் தமிழரைப் பொறுத்தவரை, குறை மக்களின் அறிவில் இருப்பதைவிட அவர்களை அழைக்கும் முறையிலேயே அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது.

மேற்கு லண்டனின் சவுத்தால், பிரெண்ட் பகுதிகளில் 1980களின் இறுதியில் தொடங்கிய ஆய்வொன்று, நடுத்தர வயதினரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 80 வயதை எட்டுவதற்குள் தெற்காசிய வம்சாவளியினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்துவிடும் என்றும், இது ஐரோப்பிய வம்சாவளியினரைப்போல் இரு மடங்கு என்றும் 2012இல் வெளியான அதன் முடிவு கூறியது. இந்நோய் தெற்காசியரிடம் இளவயதிலேயே தலைகாட்டுகிறது. பருமனாகத் தோன்றாதவர்களையும் பற்றுகிறது. உடல் எடை அதிகமில்லாதபோதும் வயிற்றுப் பகுதியிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்வது இதற்கு ஒரு காரணமாகும்.

ஆகவேதான் அளவுகோல் மாற்றப்பட்டது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், பொதுக் கணக்கின்படி சுமார் 72 கிலோவைத் தாண்டினால்தான் எடை மிகுந்தவர். தெற்காசியராயின் 66 அல்லது 67 கிலோவிலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று, இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2013இல் அறிவித்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, தெற்காசியர் உள்ளிட்ட சில சமூகத்தினருக்கு 25 வயது முதலே நீரிழிவு அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்திருந்தது.

ஆனால் இங்கிலாந்தில் வீடுதேடி வரும் அழைப்புக் கடிதம் எந்த வயதில் வருகிறது? தேசிய சுகாதார சேவையின் பொதுச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் 2009இல் தொடங்கியது. 40 முதல் 74 வயது வரையுள்ளோருக்கே அது உரியது. இத்திட்டத்தை நடத்துவது உள்ளூராட்சி மன்றங்களின் சட்டபூர்வக் கடமை. 25 வயதுப் பரிந்துரையோ பரிந்துரை மட்டுமே. கடமைக்கும் பரிந்துரைக்கும் இடையே 15 ஆண்டுகள் விழுந்து கிடக்கின்றன. நோய் ஓசையின்றி வளரும் ஆண்டுகள் அவை. 35 வயதில் கடையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இரவுப் பணி பார்க்கும் ஒருவர் பரிசோதனைக்குச் செல்லவில்லை என்றால், அதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. அவரை யாரும் அழைக்கவேயில்லை.

அறியாமை என்ற விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதைத் தடுப்பூசியின் வரலாறும் காட்டுகிறது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் வெளியாகி, 2010இல் விலக்கிக்கொள்ளப்பட்ட ஆய்வுக் கட்டுரையை அடுத்து, பிரிட்டனில் வேகமாகப் பின்வாங்கியவர்கள் கல்வியில் உயர்ந்திருந்த பெற்றோர்களே. கொரோனாக் காலத்தில் நிலைமை வேறு. 2020இன் இறுதியில் தயக்கம் கறுப்பினத்தவரிடையே மிக அதிகமாகவும், அடுத்தபடியாகப் பாகிஸ்தானிய, வங்கதேச வம்சாவளியினரிடையேயும் காணப்பட்டது. 2021இல் பள்ளிவாசல்களிலும் இந்துக் கோயில்களிலும் தடுப்பூசி நிலையங்கள் திறக்கப்பட்டன. தெற்காசியரிடையே இடைவெளி கணிசமாகக் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும், நம்பிக்கைக்குரிய இடத்தில், நம்பிக்கைக்குரியவர் மூலம் சேவை வந்து சேர்ந்ததை ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பட்டியல்களில் தமிழர் எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டார்கள். இலங்கைத் தமிழர் 'வேறு ஆசியப் பின்னணி' என்ற பிரிவிலும், தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் குஜராத்தியர், பஞ்சாபியரோடு சேர்ந்து 'இந்தியர்' என்ற பிரிவிலும் அடங்கிவிடுகின்றனர். மேற்சொன்ன லண்டன் ஆய்வில் பங்கேற்ற தெற்காசியரில்கூடப் பஞ்சாபியரே மிகுதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தமது முதன்மை மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 2021 குடிசனக் கணக்கெடுப்பில் ஒரு இலட்சத்துக்கும் அதிகம். இத்தனை பெரிய சமூகத்தின் நீரிழிவு நிலையை அண்டை வீட்டாரின் இரத்தத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனைகளைப் பெருக்கினாலே போதும் என்பதும் சரியல்ல. டென்மார்க்கில் ஏறத்தாழ 60,000 பேரை உள்ளடக்கி 1999இல் தொடங்கிய ஆய்வில், பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அழைக்கப்பட்டவர்களிடையே பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் இதயநோய் குறையவில்லை. ஆனால் அது பொதுமக்கள் அனைவரையும் அழைத்த முயற்சி. அபாயம் இரு மடங்காக உள்ள சமூகத்தில், நோயின் எல்லையில் நிற்பவர்களைக் கண்டறிந்து தொடர் சிகிச்சையோடும் உணவு ஆலோசனையோடும் இணைப்பது வேறு கதை. 2016இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அத்தகையது. ஆனால் இரத்தப் பரிசோதனை செய்யாத ஒருவர் அதன் வாசலை எட்டவே முடியாது.

குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் நோயாளி பேசும் மொழியைக் குறிக்க இடமிருக்கிறது. அந்தத் தகவலையும் இரத்தச் சர்க்கரை முடிவுகளையும், பெயர்களை நீக்கிவிட்டு, ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கலாம். அதுவரை, 25 முதல் 39 வயதுக்குட்பட்ட தமிழர், கடிதத்துக்குக் காத்திராமல் 2012ஆம் ஆண்டுப் பரிந்துரையைச் சுட்டிக்காட்டித் தமது குடும்ப மருத்துவரிடம் கேட்கலாம்.