கடலன்னையின் மகளுக்குக் கடல் இல்லையா?

கடலுக்குப் பெண்பெயர் சூட்டுவர், 'கடலன்னை' என்று கைகூப்புவர், கற்பூரம் காட்டுவர். அந்த அன்னையின் மடியிலே ஒரு மகள் பலகை ஏறி விளையாடப் போனால் மட்டும், "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று பதறுவர். கடல் பெண்ணாக இருக்கலாமாம். கடலில் பெண் இருக்கலாகாதாம்! விந்தையான நியாயம்!

தோழர்களே! 2025 ஆகஸ்டுத் திங்களில் மாமல்லபுரத்துக் கடலிலே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் ஜப்பான் நங்கை அன்ரி மட்சுனோ வாகை சூடினார். ஆண்கள் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். நம் பெண்களின் சார்பில் அலையேறியவர்களுள் மாமல்லபுரத்துக் கமலியும் ஒருவர். சிறுமியாக அவர் பலகையோட்டியதைக் காட்டிய 'கமலி' குறும்படம், 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் மாமல்லபுரத்தில் நம் பெண்களுக்குப் பதக்கம் எட்டவில்லை.

"பார்த்தீர்களா? பெண்ணுடல் பூவுடல்!" என்று புறப்படுவர் பழமைவாதிகள். கேட்கிறோம்: ஜப்பான் பெண்ணின் உடல் இரும்பால் வார்த்ததா?

அலைப்பலகையின் உடன்பிறப்பாகிய பனிப்பலகையின் வரலாறு இதற்கு விடை தரும். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்தார். யாருக்காக? தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக! அந்த விளையாட்டுப் பொருளின் வழித்தோன்றலே பனிப்பலகை. 1998இல் அவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஆணும் பெண்ணும் ஒன்றாகவே நுழைந்தனர். கம்பிகள்மீது வழுக்கி, பனிமேட்டிலிருந்து வானில் எழும்பிச் சுழலும் 'ஸ்லோப்ஸ்டைல்' போட்டியும் 2014இல் இருபாலார்க்கும் ஒருங்கே திறந்தது.

ஆனால் பழம்பெரும் பனித்தாவல் போட்டி? ஆண்களுக்கு 1924இல் திறந்த கதவு, பெண்களுக்குத் திறந்தது 2014இல். தொண்ணூறு ஆண்டுகள்! அது பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று என்று, உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவரே 2005இல் மருத்துவத்தைச் சாட்சிக்கு இழுத்தார். அதே பனி, அதே உயரம், அதே உடல்! புதிய விளையாட்டில் பெண் பறந்தாள். பழைய விளையாட்டில் வாயிலிலே நின்றாள். தடுத்தது எது? உடலா, வழக்கமா?

நம் கடற்கரைக்கு வருவோம். மீன்கூடை சுமந்து வெயிலிலே நடக்கும் பெண்ணின் நிறம் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அவள் மகள் பலகை ஏந்தினால், "கறுத்துவிடுவாள், மாப்பிள்ளை கிடைக்கமாட்டான்" என்று கவலை பிறக்கிறது! உழைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கதிரவன், விளையாடும்போது மட்டும் சுடுகிறானோ?

படித்தோர் வாழும் சிறுசேரி மட்டும் விலக்கா? அங்கே கண்ணாடி மாளிகைகளில் பெண்கள் இரவும் பகலும் கணிப்பொறியின்முன் பணிபுரிகின்றனர். எவரும் தடுப்பதில்லை, ஊதியம் வருகிறதல்லவா? கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம். அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற கடல். அங்கே போய் அலையேறக் கற்கிறேன் என்று அதே பெண் சொல்லட்டும். குடும்ப மானம் குறுக்கே வந்து நிற்கும்! சம்பாதிக்கும் உரிமையைத் தந்துவிட்டுச் சிரித்து விளையாடும் உரிமையைப் பறிப்பது விடுதலையாகுமா? கூண்டைச் சற்றே பெரிதாக்கியதாகும்.

இளைஞர்களே! மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீட்டிலே தங்கையைக் கரையில் நிறுத்தாதீர். கடலோரத்துப் பள்ளிதோறும் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கக் கேளுங்கள். தம்பிக்கு வாங்கும் பலகையைத் தங்கைக்கும் வாங்குங்கள். பதக்கம் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். அலையில் ஆயிரம் முறை விழுந்தெழும் உரிமை முதலில் வரட்டும்!

அலை ஆண் பெண் பார்த்து எழுவதில்லை. பார்ப்பது கரையில் நிற்கும் நாம்தான்.