இறந்தவருக்கு வழி, நோயாளிக்குத் தடை!

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில். அரபு நாட்டுக்கு ஆளனுப்பாத தெரு இவ்வூர்களில் ஒன்றேனும் உண்டா? வெளிநாடு சென்ற இலங்கையர் 2024ஆம் ஆண்டில் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகம். அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு நாளெல்லாம் வரிசையில் நின்ற 2022ஐ மறந்தவர் எவருமிலர். எனவே அவர்களை நாட்டின் வீரர்களென்று மேடைதோறும் புகழ்கிறார்கள். புகழட்டும். அந்த வீரன் நோயுற்று வீழ்ந்தால் மருந்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதே நமது கேள்வி.

பதில் சொல்லச் சட்டங்கள் இல்லாமலில்லை. சவூதி அரேபியா 1999இல் கூட்டுறவுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றி, தனியார் துறையிலுள்ள வெளிநாட்டாருக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. துபாய் 2013இன் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அதே கடமையைத் தொழில் தருவோர் தலையில் வைத்தது. நல்ல சட்டங்களே, மறுக்கவில்லை. (வீட்டுப் பணிக்குச் சென்ற நம் தாய்மாருக்குச் சவூதியில் இதுவும் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது என்பது வேறு கதை.) ஆனால் காப்புறுதிப் பத்திரத்தைக் கையிலெடுத்துப் படியுங்கள். ‘காப்பு எல்லை’ என்று பொருள்படும் வரி ஒன்று அதிலிருக்கும். நம்மவர் வாழ்வும் சாவும் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன.

சர்வதேசக் காப்புறுதிக் கம்பெனிகள் உலகைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. உலகம் முழுவதும் என்பது ஒரு துண்டு. அதற்கே விலை அதிகம். அமெரிக்கா நீங்கலாக உலகம் என்பது இன்னொன்று. அங்கே வைத்தியச் செலவு மலைபோல் உயர்ந்திருப்பதால் அந்நாட்டைத் தள்ளிவிட்டால் கட்டணம் இறங்குகிறது. அதற்கும் கீழே, வேலை செய்யும் நாடும் இந்தியத் துணைக்கண்டமும் சேர்ந்த துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், வேலை செய்யும் நாடு மட்டுமே. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு மேலேயுள்ள துண்டுகளில் ஒன்று கிடைக்கிறது. வெயிலில் கல் சுமக்கும் நம் பையனுக்குக் கிடைப்பதோ அடித்துண்டு!

இதன் விளைவைப் பாருங்கள். போகும்போது அவன் நோயற்றவனென்று வளைகுடா நாடுகள் அங்கீகரித்த நிலையத்தில் பரிசோதித்துச் சான்று பெற்றாக வேண்டும். சிறு குறையிருந்தாலும் பயணமில்லை. ஆக, அவர்கள் பெற்றுக்கொள்வது முழு ஆரோக்கியமுள்ள உடல். பத்தாண்டு வெயிலில் உழைத்தபின் சிறுநீரகம் பழுதாகிறது. அல்லது சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிகிறது. வேலை போகிறது. வேலை போனால் வதிவிட அனுமதி போகிறது. அனுமதி போனால் காப்புறுதியும் போகிறது. விமானம் கட்டுநாயக்காவில் இறங்கும் வேளையில் அவனிடமிருப்பது நோய் ஒன்றே. சவூதிப் பத்திரத்தில் இறந்தோரின் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவுக்கு இடமுண்டு. உயிரோடு திரும்புகிறவனின் மருந்துக்கு இடமில்லை. ஜனாஸா எல்லை தாண்டலாம், நோயாளி தாண்டலாகாது! என்னே இவர்களது கருணை!

‘இலங்கையில் இலவச வைத்தியம் உண்டே, காப்புறுதி எதற்கு?’ என்று கேட்போர் உளர். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை ஆதார வைத்தியசாலையும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. எண்ணெய் நாட்டு முதலாளி உறிஞ்சிய உழைப்பின் மிச்சத்தை, கடனில் மூழ்கிய இலங்கையின் ஏழை வரியிறுப்பாளன் தாங்க வேண்டுமா? இலவசமென்ற பெயரை நம்பி இருந்தாலும், வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனைக்கும், கொழும்புக்கு இரவு பஸ்ஸேறும் செலவுக்கும், உம்மாவின் நகை அடகுக்குப் போவதை ஊரறியும்.

‘கையொப்பமிடுமுன் வாசித்திருக்க வேண்டும்’ என்பது இன்னொரு வாதம். பத்திரம் அரபிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதுவும் விமானமேறிய பின்பே கண்ணில் படுகிறது. பேரம் பேசும் வலிமை ஒரு பக்கத்தில் மட்டுமே குவிந்திருக்கும்போது கையொப்பத்தைச் சம்மதமென்று கொள்வது சட்டம் படித்தவர் சொல்லக்கூடிய பேச்சன்று.

ஐரோப்பாவைப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளுக்குச் சில நாள் சுற்றுலாப் போகிறவன்கூட, அந்நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாகும், 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதி காட்டினால்தான் விசா. நோயுற்றால் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்கியிருக்க வேண்டும். 2009இன் விசாச் சட்டக்கோவை அவ்வாறு விதிக்கிறது. தம் வைத்தியசாலைகளின் மீது அந்நியரின் செலவு விழாதபடி அவர்கள் எல்லையில் நின்றே நிபந்தனை போடுகிறார்கள். நம் வைத்தியசாலைகளுக்காக நாம் ஒரு நிபந்தனையும் போடவில்லை.

போட முடியாதா? 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. பதிந்து செல்வோருக்கு அது ஒரு காப்புறுதி தருகிறது. ஆயினும் நோய் தந்தவனின் பொறுப்பை அது ஈடுசெய்யாது. வருகை விசாவில் பதியாமற் செல்வோருக்கு அதுவும் இல்லை. வேலை ஒப்பந்தங்களைப் பரிசீலிக்கும் நம் தூதரகங்களும் இருக்கின்றன. தாய்நாட்டையும் காப்பு எல்லைக்குள் சேர். பணிக்காலத்தில் தொடங்கிய நோய்க்குத் திரும்பிய பின்னும் ஓராண்டு காப்பு நீடிக்கட்டும். கட்டணம் தொழில் தருவோனுடையது. எல்லை வரி தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, புறப்படுமுன் கையில் தரப்பட வேண்டும். இந்நிபந்தனைகள் இல்லாத ஒப்பந்தத்தை ஏற்க மறுப்பதற்குப் புதிய படையெதுவும் வேண்டியதில்லை. துணைக்கண்டத்தையும் அடக்கிய காப்பைக் கம்பெனிகள் ஏற்கெனவே விற்கின்றன. அதை வாங்கச் சொல்வதே மிச்சம்.

திகாமடுல்ல மாவட்டத்தின் வாக்குகளால் பாராளுமன்றம் சென்றோர், கட்சி எதுவாயினும், வேலைவாய்ப்பு அமைச்சரிடம் இந்த ஒரு வினாவை எழுப்பட்டும்: கடந்த ஐந்தாண்டுகளில் தூதரகங்கள் ஏற்ற ஒப்பந்தங்களில், காப்புறுதியின் எல்லைக்குள் இலங்கையும் அடங்கியவை எத்தனை? விடையை எழுத்தில் கேட்கட்டும்.