ஒரு எல், இரண்டு பி

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா நகல், வருமானச் சான்று என்று வருகிறவர்கள் கிளம்பும்போது, "அந்த வெப்சைட் அட்ரஸ ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்கண்ணே" என்பார்கள். எழுதுவதில்தான் சிக்கல்.

எங்கள் மாவட்ட இணையதள முகவரியில் விழுப்புரத்துக்கு ஒரு எல், இரண்டு பி. ஆங்கிலப் பத்திரிகைகளிலோ இரண்டு எல், ஒரு பி. ழகரம் எதிலும் இல்லை, அது தனி வயிற்றெரிச்சல். கடித உறையில் எப்படி எழுதினாலும் 605602 என்ற பின்கோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இணையத்தில் ஓர் எழுத்து பிசகினால் சேராது.

இந்தக் கறார் 1983இல் அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த இணையப் பெயர் முறையிலிருந்து வருகிறது. அதற்குமுன் எல்லாக் கணினிகளின் பெயர்களும் கலிபோர்னியாவில் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. பெயரைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் பொறுப்பில் விட்டார்கள். பட்டா பார்க்கும் 'இசர்வீசஸ்.டிஎன்.கவ்.இன்' முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்: இந்தியா, அரசு, தமிழ்நாடு, பிறகு சேவை. மாவட்டம், வட்டம், பிர்கா, கிராமம் என வருவாய்த் துறை இறங்குகிற அதே வரிசை. முகவரியில் ஒற்றைச் சாய்கோட்டுக்குப் (/) பின் எல்லாம் தலைகீழ், இடமிருந்து வலம். எங்கள் நகராட்சித் தளத்தில் திண்டிவனம் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கிறது. முன்னால் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009இல் சொல்லிவிட்டார்.

தமிழில் '.இந்தியா' என்ற முகவரி முடிவு 2011இலேயே வந்துவிட்டது. உள்ளுக்குள் அதையும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கணினி தேடுகிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தமிழ்தானே? எந்த அரசு அலுவலகச் சுவரிலும் அதை நான் பார்த்ததில்லை.

கிளியனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், சரியான முகவரி தெரியாமல், மகன் பாஸ்போர்ட்டுக்காகப் போனில் தேடி, முதலில் வந்த தளத்தில் பணம் கட்டிவிட்டு வந்தார். அது அரசுத் தளமே இல்லை. போலிகளின் பெயரைப் போட்டு பாஸ்போர்ட் சேவா தளமே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் பார்க்கவும் சரியான முகவரி தெரிந்திருக்க வேண்டுமே!

எந்த எழுத்துக்கூட்டலில் அடித்தாலும் மாவட்டத் தளம் திறக்கும்படி செய்வது பெரிய செலவில்லை. கலெக்டர் அலுவலகம் அதைச் செய்யட்டும், தமிழ் முகவரியையும் பலகையில் எழுதட்டும். அதுவரை, பணம் கட்டுமுன் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் பாருங்கள். 'கவ்.இன்' அல்லது 'என்ஐசி.இன்' என்று முடியவில்லையென்றால் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள்.