குளவி கொட்டியது விதியா, நிர்வாகத்தின் கவனயீனமா?

‘குளவிக் கொட்டுக்கு இலக்காகிய தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி.’ எத்தனை தடவை இந்தச் செய்தியை வாசித்துவிட்டோம்! பாவம் என்கிறோம். மறுநாள் அதே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறோம். கேட்டால், “காட்டுக் குளவிக்கு நாங்கள் என்ன செய்வது?” என்கிறது நிர்வாகம்.

என்ன செய்யலாம் என்பதை நம் மாத்தளை மாவட்டத்திலேயே பார்க்கலாம். சீகிரியாவில் சிங்கப் பாதத்தருகே வலையடித்த கூண்டு இருக்கிறது. பாறையில் குளவி கலைந்தால் உல்லாசப் பயணிகள் ஓடி ஒளிவதற்கு. சத்தம் போடவேண்டாம் என்று பலகையும் உண்டு. டிக்கட் வாங்கி ஒரு தடவை ஏறுகிறவருக்கு இவ்வளவு. தினமும் செடிக்குள் கைவிடும் நம் பெண்களுக்கு? தலைத்துண்டு மட்டும்தான்.

சிங்களத்தில் தெபர, பம்பர என்று பிரித்துச் சொல்வார்கள். நாம் இரண்டையும் குளவி என்கிறோம். தெபர செடியிலும் கூரையிலும் காகிதப் பந்துபோலக் கூடு கட்டும். பம்பர உயர்ந்த மரத்திலும் பாறையிலும் அடையாகத் தொங்கும். எந்த மரத்தில் கூடு என்று, குறுக்குப் பாதையால் பாடசாலைக்கு வரும் என் வகுப்புப் பிள்ளைகள் கை நீட்டிக் காட்டுவார்கள். ஒவ்வொரு மலைக்கும் இலக்கம் போட்டு வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாதாம்!

லயத்துக் கூரையில் கூடு என்றால் நம் பையன்களே பந்தம் கொளுத்திக்கொண்டு ஏறுகிறார்கள். தம்பிமாரே, ஏறாதீர்கள். குளவி கலைந்தால் லயமே தாங்காது, கூரையிலிருந்து விழுந்தால் முதுகு போகும். லயத்தில் ஒரு ஜன்னல் வைக்கப் போனால் “இது தோட்டத்துக் கட்டடம்” என்கிறார்கள் அல்லவா? அப்படியானால் அதில் தொங்கும் கூடும் தோட்டத்துடையதுதான். பழகிய ஆளை, பாதுகாப்பு உடுப்போடு அவர்களே கொண்டுவரட்டும்.

வேலையின்போது வேலையால் ஏற்படும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கொழுந்து மலையில் கொட்டுப்பட்டவருக்கு அரைப்பேர் போட்டு அனுப்புவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

முகம் வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காதீர்கள். அது உயிர் போகிற நிலை. அட்ரினலின் ஊசி உடனே வேண்டும். தோட்ட மருந்தகத்தில் அந்த ஊசி இருக்கிறதா, போட ஆள் இருக்கிறாரா, மாத்தளைக்குக் கொண்டுபோக வாகனம் நிற்கிறதா என்று தலைவர்மார் இந்த வாரமே கேட்கவேண்டும்.

கூடு கண்டால் மலை இலக்கத்தோடு எழுதிக் கொடுங்கள். பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கூட்டை அகற்றும்வரை அந்த மலையில் யாரும் கூடை இறக்கவேண்டாம்.